வீரம்மா வந்திருக்கேன்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் சபையில் பெப்ரவரி மாதம் முதலாம் ஞாயிறு தொடக்கம் மதம் ஒழிக்கப்பட்டது. இனிமேல் உறவு மட்டுமே. தேவனோடு தனிப்பட்ட உறவு உள்ளவர்கள் அதற்குரிய படிவத்தை இரண்டு பிரதிகளில் நிரப்பி, பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை ஒட்டி, பதினைந்தாம் திகதிக்கு முன் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பிந்திக் கிடைக்கும் உறவுகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.

அந்தச் செயலாளர் நான்தான். அறிவித்தலை எழுதியதும் நான், கோயில் கதவில் ஒட்டியதும் நான், சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான். பதினேழு பேர் கைகூப்பி ஆமென் போட்டார்கள். ஒருவராவது சிரிக்கவில்லை.

எல்லாம் பாஸ்டர் ஜெரோஷன் சென்னையில் மூன்று வாரப் பயிற்சிக்குப் போய்வந்ததால் வந்தது. கிறிஸ்தவம் மதமல்ல, உறவு என்று தொடர்ந்து நான்கு ஞாயிறு பிரசங்கம் செய்தார். முப்பது வயதும் ஆகாத நல்ல பிள்ளை. சொன்னதை நம்பித்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னபோது முன்வரிசையில் லியனார்ட் ஐயா உட்கார்ந்திருந்தார்.

லியனார்ட் ஐயா எங்கள் நிர்வாகக் குழுவின் தலைவர். வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஒபிசில் முப்பத்தொரு வருடம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டம் போட்டு எழுதாத எதுவும் இந்த உலகத்தில் நடக்கவில்லை என்பது அவருடைய விசுவாசம். உறவு நல்ல விஷயம், ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டார். மறுவாரமே படிவம் வந்துவிட்டது. உறவு தொடங்கிய திகதிக்கு ஒரு கட்டம். உறவின் தன்மைக்கு ஒரு கட்டம்: தினசரி, வாராந்தம், நெருக்கடி வேளையில் மட்டும். கணவர் அல்லது மனைவியின் ஞானஸ்நானப் பதிவு எண்ணுக்கு இன்னொரு கட்டம். நான் முதலில் நெருக்கடி வேளை என்பதற்கு நேரே புள்ளடி போட்டேன். பிறகு செயலாளரின் கௌரவத்தை நினைத்து, ரப்பரால் அழித்து வாராந்தம் என்று மாற்றினேன்.

படிவம் கொடுக்காத ஒரே ஆள் வீரம்மா.

வீரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. கொழுந்து பறிக்கிறவர். கணவர் அன்டன் தேயிலை பெக்டரியில் வேலை செய்து, எட்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அன்டன் கோயிலுக்கு வந்தது கிறிஸ்மசுக்கு மட்டும்தான். அதுவும் கேக் வெட்டுகிற நேரத்துக்கு. ஆனாலும் அடக்கத்தின்போது லியனார்ட் ஐயா, சபையின் மூத்த அங்கத்தவரை இழந்துவிட்டோம் என்று இருபது நிமிடம் பேசினார். வீரம்மாவோ இருபத்தெட்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் வந்து, வாசலோரக் கடைசி வாங்கில் உட்காருகிறவர். ஞானஸ்நானம் பெறவில்லை. அதனால் திருவிருந்து தட்டு அவருக்கு முந்திய வாங்கோடு திரும்பிவிடும். அவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு உண்டு. எல்லோரும் வரிசையாக நிற்க, பேர் கூப்பிடுவார்கள். குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்கு வேலை. நாட்சம்பளத்தையே பேர் என்றுதான் சொல்வோம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். வீரம்மா பெரட்டில் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டு, மலை ஏறித் தன் தேயிலை நிரையைப் பிடித்ததும் இரண்டாவது முறை குரல் கொடுப்பாராம்.

"ஏசப்பா, வீரம்மா வந்திருக்கேன்."

அதற்குப் பிறகு நாள் முழுக்கப் பேச்சுத்தான். மழைக்குத் திட்டு, அட்டைக்கடிக்கு முறைப்பாடு, பக்கத்து நிரைக்காரியைப் பற்றிக் கோள். கூடப் பறிக்கிற பெண்களுக்கு முதலில் பயமாக இருந்ததாம். பிறகு, தங்கள் வீட்டுக் காரியத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற பெண்கள்கூட.

சபையில் நாங்கள் கர்த்தரை நீர் என்போம், தேவரீர் என்போம். பெற்ற தகப்பனை நாங்கள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது கோட் போட்ட சொல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அலுமாரியிலிருந்து எடுப்போம். ஒருமுறை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், லியனார்ட் ஐயாவின் மனைவி டோரீன் அம்மா ஒவ்வொருவராக ஜெபிக்கச் சொல்லிக்கொண்டு வர, முறை வீரம்மாவுக்கு வந்தது. வீரம்மா கண்ணை மூடினார்.

"ஏசப்பா, சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். மற்றவர்கள் ஆமென் சொல்லக் காத்திருந்தார்கள். வீரம்மா பதிலுக்குக் காத்திருந்தார்.

டோரீன் அம்மா அதிர்ச்சியில் இரண்டு நாள் பிரஷர் மாத்திரையைக் கூட்டிப் போட்டதாகக் குழுக்கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. விசாரித்து அறிக்கை தரும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் போய்க் கேட்டேன். வீரம்மா குற்றம் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பதில் இருந்தது.

"செத்து எந்திரிச்சி வந்ததும் திங்க என்ன இருக்குன்னு அவரே கேட்டாருன்னு நீங்கதான சார் கோயில்ல வாசிச்சீங்க. அதுக்கப்புறம் அவருகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

இதை நான் அறிக்கையில் எழுதவில்லை. கண்டிக்கப்பட்டார் என்று எழுதினேன்.

மார்ச் மாதம் வீரம்மா மலைக்குப் போகவில்லை. வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்த மகள் ஜெனிதா வேலையை விட்டுவிட்டு வந்தாள். வந்த இரண்டாம் நாள் என் வீட்டு வாசலில் நின்றாள். அம்மாவுக்கு ஒரே ஆசைதான், அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்றாள். கோயில் தோட்டத்தில் அன்டனுக்கு இடது பக்கம் ஓராள் இடம் இருந்தது.

நான் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் வீரம்மாவைப் பார்த்தேன். பாதியாகியிருந்தார். ஏன் அந்த இடம்தான் வேண்டும் என்று கேட்டேன்.

"அவரு பயந்த ஆளு சார். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேந்து பெத்து, அவரு பேரையே வச்ச ஒத்தப் புள்ள, தனியா படுக்கவே மாட்டாரு. எட்டு வருசமா எப்படிக் கெடக்காரோ."

குழு கூடியது. ஞானஸ்நானம் இல்லாதவருக்குக் கோயில் தோட்டத்தில் இடமில்லை என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. பாஸ்டர் ஜெரோஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அம்மாவுக்கு உறவு இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார்.

"பாஸ்டர், நீங்க உறவப் பாருங்க," என்றார் லியனார்ட் ஐயா. "நான் ரெஜிஸ்டரப் பாத்துக்கிறேன்."

பிறகு இரங்கினார். கல்நெஞ்சக்காரர் அல்ல. வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுக்கலாம், இடமும் கொடுக்கலாம், ஆனால் பேரை மாற்ற வேண்டும் என்றார். பதிவேட்டில் வீரம்மா, காளியம்மா என்றெல்லாம் எழுத ஏலாது. அன்டன் நம்ம ஆள், அவருக்குப் பக்கத்தில் வீரம்மா என்று கல் வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பேர் மாற்றச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை என்பது பாஸ்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன். ரூத் என்ற பேரை டோரீன் அம்மா தெரிவுசெய்தார். வேதத்தில் மாமியாரோடு ஒட்டிக்கொண்ட நல்ல மருமகள், நினைவில் நிற்க லேசான பேர். ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதினேன்.

செய்தியைக் கொண்டுபோனதும் நானே. ஞானஸ்நானம் என்றதும் வீரம்மாவின் முகம் மலர்ந்தது. பேர் மாற்றம் என்றதும் வாடியது.  பிறகு தன் தகப்பன் மாயாண்டியைப் பற்றிச் சொன்னார். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலத்தில் ஒரு தாளில் மாயாண்டி என்று எழுதிவிட்டார்கள், இன்னொன்றில் மாயன்.

"ஒரு பேருக்கு இந்தியா கெடச்சிச்சு. ஒரு பேருக்கு சிலோன் கெடச்சிச்சு. ஆளுக்கு ஒன்னும் கெடைக்கல சார். ரெண்டு நாட்டுக்கும் இல்லாத ஆளாவே செத்தாரு."

கர்த்தர் ஒன்றும் குடிவரவு ஒபிஸ் அல்ல என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜெனிதா அப்பாவுக்குப் பக்கத்திலேயே வைப்பீங்கதானே என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். சரி என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் மூன்று மணிக்கு லயத்து ஒற்றையறைக் காம்பராவில் ஞானஸ்நானம் நடந்தது. லியனார்ட் ஐயா கோட் போட்டு வந்திருந்தார். பாஸ்டர் சொல்லச் சொல்ல வீரம்மா திருப்பிச் சொன்னார். தேவரீர் என்ற சொல்லில் நாக்கு இரண்டு முறை தடுக்கியது. பாஸ்டர் பித்தளைக் கிண்ணத்திலிருந்து தண்ணீர் அள்ளி நெற்றியில் விட்டு, ரூத் என்று அழைத்தார். வீரம்மா திரும்பிக் கதவைப் பார்த்தார், யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

நான்காம் நாள் ஜெனிதா மறுபடியும் என் வாசலில் நின்றாள். அம்மா பேசுவதில்லை என்றாள். எங்களோடு பேசுகிறாள், தண்ணீர் கேட்கிறாள், வலிக்கிறது என்கிறாள். ஏசப்பாவோடு பேசுவதில்லை. நோவு கூடின நாளில்கூட ராத்திரி பகலாக அவரைத் திட்டிக்கொண்டு கிடந்தவள், ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

"கூரையவே பாத்துக்கிட்டு கெடக்குது சார். வாயத் தொறக்குது, மூடிக்கிது."

போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வீரம்மா என்னைக் கண்டதும் நெடுநாளாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"சார், இப்ப நான் எப்படி ஆரம்பிக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கி வாங்கி விளக்கினார். இவ்வளவு காலமும் வீரம்மா வந்திருக்கேன் என்று சொல்லித்தான் தொடங்குவார். இப்போது அப்படிச் சொன்னால் கோயிலுக்குச் செய்த சத்தியம் பொய்யாகிவிடும். ரூத் வந்திருக்கேன் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தாராம். அந்தப் பக்கம் யாரோ நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதுபோல இருந்ததாம்.

"ரூத்து யாருன்னு அவருக்குத் தெரியணுமே சார். என்னைய வீரம்மான்னுதான அவருக்குப் பழக்கம்."

எங்கள் தலையில் உள்ள மயிரையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறவருக்கு உங்கள் பேர் தெரியாமல் போகுமா என்று நான் சொன்னேன். இருபது வருடம் ஞாயிறு பாடசாலை நடத்தியவனுக்கு இந்த வகைப் பதில்கள் தயாராக இருக்கும். வீரம்மா என்னையே பார்த்தார். கோபம் இல்லை. பெரட்டில் பேர் விடுபட்டவள் கணக்கப்பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"தெரியும்னா ஏன் சார் மாத்தச் சொன்னீங்க?"

 வீரம்மா என்றே கூப்பிடுங்கள், நாங்கள் செய்தது பிழை என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏகமனதாக என்று என் கையெழுத்தில் இருந்தது. ஓய்வெடுங்கள் ரூத் அம்மா என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆம், அந்தப் பேரைச் சொல்லித்தான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், மற்றவர்கள் பெரட்டுக்குப் போகிற நேரத்தில், வீரம்மா போய்ச் சேர்ந்தார். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று ஜெனிதாவிடம் கேட்டேன். வெளியே பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டதாம். அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வாய் திறக்கவில்லையாம்.

அடக்கம் சீராக நடந்தது. சொன்னபடி அன்டனுக்கு இடது பக்கம். மழை பெய்தது. கூடப் பறித்த பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம், தேயிலைக்குள் நின்று அழுதார்கள். வீரம்மா, வீரம்மா என்று சொல்லி அழுதது அவர்கள் மட்டும்தான். வேலிக்கு இந்தப் பக்கம் லியனார்ட் ஐயா சகோதரி ரூத்தின் விசுவாச வாழ்வைப் பற்றிப் பேசினார். சகோதரி ரூத்துக்கு அப்போது வயது பதினொரு நாள். மதத்திலிருந்து உறவுக்கு எங்கள் சபை எடுத்துவைத்த முதல் அடி இது என்றும் சொன்னார். பாஸ்டர் ஜெரோஷன் குடைக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பிரசங்கத்தைச் செய்யவில்லை.

திங்கட்கிழமை லியனார்ட் ஐயா அழைப்பெடுத்தார். எல்லாம் முடிந்தது, ஒரு வேலை பாக்கி என்றார். சகோதரி ரூத்தின் உறவுப் படிவம் கோப்பில் இல்லை. உயிரோடு இருக்கும்போது நிரப்பவில்லை என்றாலும், ஒழுங்குக்காக நாமே நிரப்பி வைப்பது நல்லது.

பின்னேரம் கோயில் அறையில் உட்கார்ந்து நிரப்பினேன். பேர், ரூத். உறவு தொடங்கிய திகதி என்ற இடத்தில் ஞானஸ்நானத் திகதியை எழுதினேன். தன்மை, தினசரி. அதுவாவது உண்மையாக இருக்கட்டும் என்று அழுத்திப் போட்டேன். கடைசிக் கட்டம் கணவரின் பதிவு எண். அதற்காக அலுமாரியிலிருந்து பெரிய ஞானஸ்நானப் பதிவேட்டை இறக்கித் தூசு தட்டினேன். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். வேறு சபைகளிலிருந்து வந்தவர்களின் பட்டியலையும் பார்த்தேன். என் பேர்கூட எழுத்துப் பிழையோடு இருந்தது. மூன்று முறை பார்த்தேன்.

அன்டனின் பேர் அதில் இல்லை.