தந்தியில் வந்த எங்கேஜ்மென்ட்

1969 தை மாதம். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் சங்கமொன்றில் நான் எழுத்தராக இருந்தேன். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

அடுத்த வீட்டு வேலாயுதம் சித்தப்பாவின் மகள் காந்தாவைப் பெண் பார்க்க, வேலூரில் உத்தியோகம் பார்த்த இளங்கோவன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அவனை ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்த காந்தாவுக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. தறிக்குழியிலிருந்து எழுந்த கையோடு சித்தப்பா அதைக் கொண்டுவந்தார்.

"இன்னா எழுதிகிறான், உமாபதி?"

'ப்ரையர் எங்கேஜ்மென்ட். கெனாட் கம் சண்டே.' எங்கள் ஊரில் எங்கேஜ்மென்ட் என்றால் நிச்சயதார்த்தம். ஆனாலும் ஏதோ இடறியது. இரண்டு தெரு தள்ளி யேசுதாஸ் வாத்தியார் இருந்தார், கேட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பையனுக்கு முன்னாடியே வேற எடத்துல நிச்சயம் ஆயிட்டுதாம், சித்தப்பா. வரமுடியாதாம்."

"அப்ப நம்மள ஏன் கேட்டுக்கினு இருந்தானுங்க?"

அந்தக் கோபத்தில், அடுத்து வேலூரிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். மாசியிலேயே வாலாஜாபாத்தில், மனைவியை இழந்த ஒருவருக்குக் காந்தாவைக் கட்டிக்கொடுத்தார்.

பங்குனியில் இளங்கோவன் சங்கத்துக்கு வந்து சித்தப்பா வீட்டுக்கு என்னிடமே வழி கேட்டான்.

"லெட்டர் ஏன் திரும்பி வந்துதுன்னு தெரியல, சார். அன்னிக்கு எனக்கு டிபார்ட்மென்ட் பரீட்சை. அதான் தந்தி அடிச்சேன்."

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. அவன் வந்த வழியே திரும்பிப் போனான்.

அன்று மாலைதான் வாத்தியார் வீட்டு அகராதியைப் பார்த்தேன். குறித்துவைத்த சந்திப்பு, ஒப்புக்கொண்ட வேலை, படைகள் மோதுவது எல்லாமே எங்கேஜ்மென்ட்தான். நிச்சயதார்த்தம் அவற்றில் ஒன்று.

"அதுல இருக்கிற 'கேஜ்'னா பிரெஞ்சுல பிணைன்னு அர்த்தம்பா, அதுலேர்ந்து வந்தது" என்றார் வாத்தியார். "எதுக்கு வாக்குக் குடுத்தாலும் அந்தச் சொல்லைப் போடலாம். எதுக்குக் கேக்குற?"

அகராதியை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆடிக்குத் தாய்வீடு வந்த காந்தாவிடம் தந்தியை நான் தப்பாகப் படித்ததைச் சொன்னேன்.

"அதுக்கப்புறம் அவரு வந்தாரா?" என்றாள்.

"வந்தான்மா."

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. லெட்டரத் திருப்பினது அவருதானே. தாங்கமாட்டாரு."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மாதம் முடிந்ததும், மூத்த தாரத்துக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.