ஹெனோவா

தூக்கத்தில் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், மதிய வெயில் ஜன்னல் வழியாக அவள் கழுத்து வரை ஏறியிருக்கிறது, எதிர்க் கட்டிலில் படுத்தபடி நான் காது கொடுக்கிறேன், தூத்துக்குடித் தமிழில் எதையாவது உளறுவாள் என்று எதிர்பார்த்தால், போகாதே, சூப் ஆறிவிடும், உட்கார் என்று யாரையோ ஸ்பானிஷில் அதட்டுகிறாள், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் கனவு வரைக்கும் இறங்கிவிட்டது அந்த மொழி, நான் திருச்சியில் நான்கு வருடம் மாலை வகுப்புக்குப் போனவள், ஆசையைச் சொல்லும்போது வினைச்சொல் எப்படி முகம் மாறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், ஆனால் என் கனவில் இன்னும் பரீட்சைதான் வருகிறது, தமிழில்.

ஈக்வடாரின் அந்த மலை ஊரில் ஒரு முதியோர் இல்லம், காலையில் போய்ப் பெரியவர்களுக்கு நகம் வெட்டி, சூப் ஊட்டி, பேச்சுத்துணையாக உட்கார்ந்திருப்பது எங்கள் வேலை, சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் ரோசாரியோ அம்மாவின் வீட்டில், அங்கே இருந்தால் மொழி தானாக வந்துவிடும் என்றார்கள், வந்தது, ஜெனோவாவுக்கு வந்தது, விமானத்தில் வணக்கத்துக்கு என்ன சொல்லணும்ட்டி என்று என்னிடம் கேட்டவளுக்கு. அந்த ஊர்க்காரர்கள் வாயில் அவள் பெயர் ஹெனோவா, முதல் வாரத்திலேயே, நான் களைத்துப்போனேன் என்பதை ஆண்கள் சொல்கிறபடி சொல்லி வைத்தாள், இல்லத்திலிருந்த ஆன்செல்மோ தாத்தா பல்செட் கழன்று விழச் சிரித்தார், மறுநாள் அவளைக் கண்டதுமே, களைத்துப்போனவனே வா என்று கூப்பிட்டார், நான் பிசகில்லாமல் ஒரு வாக்கியம் கட்டி முடிப்பதற்குள் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருப்பார், நீ ஏன்ட்டி எண்ணி எண்ணிப் பேசுத, வாயில வாரத சொல்லேன், அவ்வளவுதானே என்பாள் ஜெனோவா, அந்த அவ்வளவுதானே என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, சந்தையில் தக்காளிக்காரி அவளுக்குக் கூடுதலாக ஒன்று போடுவாள், என்னிடம் விலையை விரலில் காட்டுவாள், ரோசாரியோ அம்மா அடுப்படியில் அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் சொல்லுவார், நான் உள்ளே போனால் குரலை மெதுவாக்கி, குழந்தைக்குச் சொல்வதுபோல, பசிக்கிறதா என்பார், பசிக்கவில்லை, எரிந்தது, அவள் ஊருக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அந்த ஆசையை ஸ்பானிஷில் இலக்கண சுத்தமாக எனக்குள் சொல்லியும் பார்த்தேன்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவித்த சோளம் மேசையில் ஆவி பறக்கிறது, அவளுடைய தொலைபேசி அடிக்கிறது, எடுத்துக் கேட்கிறாள், கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைக்கிறாள், என்ன ஆச்சு மகளே என்று ரோசாரியோ அம்மா கேட்க, அந்த மொழியையே கேட்டிராதவள்போல அவரைப் பார்க்கிறாள், மறுபடி கேட்கிறார், கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, அப்பா போயிட்டாவட்டி என்றாள். சாயங்காலம் சேமியா உப்புமா கேட்டாவளாம், அம்மா கிண்டி எடுத்துட்டு வாரதுக்குள்ள, நாற்காலியிலயே, தலை சாஞ்சு, என்னயத்தான் கேட்டுட்டே இருந்தாவளாம், ஜெனோ எப்ப வருவான்னு, அத சொல்லுட்டி, இவுகட்ட சொல்லு. நான் சொன்னேன், நாற்காலியை, சாய்ந்த தலையை, கிண்டி எடுத்து வந்து ஆறிப்போனதை, ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்து விழுந்தன, காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, ஓர் இடத்திலும் நான் நிற்கவில்லை, யோசிக்கவில்லை, ரோசாரியோ அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டார், நான் முடித்ததும் அவர் எழுந்தார், மேசையைச் சுற்றி வந்தார், என்னைக் கடந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார், அந்த நேரத்திலும், கடவுளே அந்த நேரத்திலும், அந்தக் கை யார் தலையில் இருக்கிறது என்றுதான் நான் பார்த்தேன்.

மறுநாள் விமானம் பிடிக்கப் பேருந்தில் ஏறிப் போனாள், அம்மாவைத் தனியே விட முடியாதுட்டி என்று பிறகு செய்தி வந்தது, எதிர்க் கட்டில் காலியாகக் கிடக்கிறது, நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, இப்போது தெருவில் இறங்கினால் எல்லோரும் என்னை நிறுத்துகிறார்கள், விலையை விரலில் காட்டிய தக்காளிக்காரி கடையை விட்டு எழுந்து வந்து என் தோளில் கை போடுகிறாள், ஹெனோவா எப்படி இருக்கிறாள், அவள் அம்மா சாப்பிடுகிறாளா, எப்போது வருவாள், நான் பதில் சொல்கிறேன், தடையில்லாமல், வேகமாக, வீடு கடலுக்குப் பக்கம் என்கிறேன், உப்புமா என்பது இன்னது என்று விளக்குகிறேன், எவ்வளவு நன்றாகப் பேசுகிறாய் இப்போது என்று வியக்கிறார்கள், அவள் ஊரை, அவள் வீட்டை, அவள் அப்பாவைப் பேசிப் பேசியே எனக்கு இந்த மொழி வந்திருக்கிறது, ஆன்செல்மோ தாத்தாவுக்கு மட்டும் தினமும் மறந்துபோகிறது, தினமும் முதலிலிருந்து கேட்கிறார், சூப்பை ஊட்டிக்கொண்டே தினமும் சொல்கிறேன், நாற்காலி, சாய்ந்த தலை, இன்றைக்கு அவர் பாதியில் கரண்டியை விலக்கிவிட்டு என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார், கண் நிறைந்திருந்தது, இத்தனை மாதத்தில் இந்த ஊரில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, பாவம் பிள்ளை, அழாதே ஹெனோவா என்றார், நான் என் பெயரைச் சொல்லவில்லை, சரி தாத்தா என்றேன்.