சித்தி ஏன் தண்ணீர் குடிப்பதில்லை

"அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிடு பாப்பா."

அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தார். வாயிலிருந்து வரும்போது கெஞ்சலாக வந்தது. மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். மேசையில் விரிந்து கிடந்தது அவருடைய வெள்ளைச் சட்டை. இன்னும் சற்று நேரத்தில் நகராட்சி மண்டபத்தில் இளையோர் நாடாளுமன்றத்தின் முதல் கூட்டம். அவர் கவுன்சிலர். அவள் அந்த நாடாளுமன்றத்துக்குக் கல்லூரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். ஆனாலும் சட்டையை அவள்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா வாங்கணும்?"

"மத்த பிள்ளைங்க எல்லாம் பூங்கா கேக்குது, நூலகம் கேக்குது. நீ மட்டும் ஏம்மா கக்கூசுக்குப் போய் நிக்கிற?"

"பூங்காவுக்குப் போகலன்னா யாருக்கும் காய்ச்சல் வராதுப்பா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி காதைத் தீட்டிக்கொண்டுவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார். வீட்டில் குரலைத் தாழ்த்துவதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

அவருடைய தொழில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. ஊரில் நடக்கும் எந்தக் கூட்டமானாலும் முதலில் ஒலிப்பது அவர் குரல்தான்: "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." தேர்தலில் நின்றபோது, இந்த மனுஷன் மூன்றுக்கு மேல் பேசமாட்டார் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள். ஜனங்களை அவர் ஏமாற்றவில்லை. நகராட்சிக் கூட்டங்களில் அவர் தலையாட்டினார், கையைத் தூக்கினார், டீ குடித்தார்.

ஒரே ஒரு தடவை வாய் தவறிப் பேசிவிட்டார். பக்கத்து ஊரில் இளையோர் நாடாளுமன்றம் நடத்துகிறார்களாம், நாமும் நடத்தலாமே என்றார். போட்டோ பத்திரிகையில் வரும் என்று நகராட்சித் தலைவருக்குப் பிடித்துப்போனது. பேனரில் போட ஒரு வாசகம் கேட்டார்கள். "பேசுங்கள், ஊர் கேட்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். அந்த வாசகத்தை எழுதிய கையைத் தானே இரண்டு நாள் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். பேசுகிறவள் தன் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவளாக இருப்பாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மகள் எழுதிக் கொடுத்திருந்த கேள்வி இதுதான்: மார்க்கெட்டில் பெண்களுக்கான கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது?

பூட்டச் சொன்னது மார்க்கெட் கமிட்டி. கமிட்டிக்குத் தலைவர் அவர். சாவி வியாபாரிகள் சங்கத் தலைவரிடம். அந்தச் சங்கத் தலைவர் அவருடைய மச்சான், மனைவியின் சொந்த அண்ணன், பழ மொத்த வியாபாரி. கழிப்பறைக்குள்ளே மச்சானின் ஆப்பிள் பெட்டிகள் குளுகுளுவென்று குடியிருந்தன. சுத்தம் கெடாமல் இருக்கத்தான் பூட்டு, வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னது அன்றைக்கு அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. பக்கத்திலிருந்த ஆண்கள் கழிப்பறைக்குப் பூட்டு என்ன, கதவே சரியாகக் கிடையாது. அதன் சுத்தத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"கேட்டா சாவி குடுக்குறாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார்.

மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"யாருகிட்டங்க கேக்குறது? கடை நெறைய ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி போய் நின்னு, 'அண்ணே, சாவி'ன்னு என் தங்கச்சி கேக்கணுமா? அதுவும் கூடப்பொறந்தவன்கிட்ட? எதுக்குன்னு தெரிஞ்சு அத்தனை பேரும் அவளையே பாப்பானுங்க."

"அதுக்கு என்ன பண்றா?"

"தண்ணி குடிக்கிறதில்ல. காலைல துணிக்கடையத் திறந்தா, பொழுது சாஞ்சு வீடு திரும்புற வரைக்கும் ஒரு வாய் தண்ணி உள்ள போகாது. அவ மட்டுமில்ல, அங்க கடை போட்டிருக்கிற அத்தனை பொம்பளையும் அப்படித்தான். போன மாசம் குளிர் காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தாளே, எதனாலன்னு நெனைச்சீங்க?"

வெயிலால் என்று நினைத்திருந்தார். பழத் தட்டோடு போய்ப் பார்த்து, "வெயில்ல அலையாத" என்று புத்திமதி வேறு சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்தப் பழமும் மச்சான் கடை ஆப்பிள்தான். இன்னொன்றும் நினைவுக்கு வந்து அவருக்குக் காது சூடானது. மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம் கொழுந்தியாளுக்கு டீ சொல்வார். "வேணாம் அத்தான்" என்பாள். "என் கொழுந்தியா டீ காபி எதையும் தொடமாட்டா, அப்படியொரு கட்டுப்பாடு" என்று ஊர் முழுக்க அவளைப் பற்றிப் பெருமையடித்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட எப்படிங்க சொல்லுவா?" என்றாள் மனைவி.

மகள் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "கேள்வி இருக்கும்பா" என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவர் மூலையில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கவுன்சிலர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் குமிழ்களுக்குப் பக்கத்தில்தான் அவருக்குக் கை கால் இயல்பாக இருக்கும். முன்வரிசையில் தலைவரும், சிறப்பு விருந்தினராக மச்சானும் இருந்தார்கள்.

மகள் எழுந்தாள். எழுதிக் கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டாள். பிறகு எழுதிக் கொடுக்காததையும் கேட்டாள்.

"வெளிய 'பெண்கள்'னு போர்டு இருக்கு. உள்ள பழப்பெட்டி இருக்கு. பழப்பெட்டியில ஆண் பெண் எப்படிப் பாக்குறதுன்னு கமிட்டி விளக்கணும்."

மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்து, இரண்டு விரலைக் கீழே இறக்கிக் காட்டினார்.

அந்தச் சைகை அவருக்குப் பழக்கமானது. பிடிக்காதவர்கள் பேசும் மேடைகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கையும் பழகிப்போன கை. அவர் யோசித்து முடிப்பதற்குள் அது குமிழைத் திருகிவிட்டது.

மகளின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மைக்கை ஒரு தட்டுத் தட்டினாள். அந்தக் கருவிகளோடு வளர்ந்தவள். கோளாறு எங்கே என்று தெரிந்து மூலையைப் பார்த்தாள். அவர் குனிந்து, நன்றாக இருந்த ஒரு வயரை அவசரமாகச் சரிசெய்தார்.

அவள் மைக்கை ஓரமாகத் தள்ளி வைத்தாள். வெறும் தொண்டையில் பேசினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் வியாபாரம் செய்கிறவர்களைப் பற்றிப் பேசினாள். கூட்டம் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டது. அவருடைய பிழைப்பில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஒலிபெருக்கியை அடக்கியபிறகுதான் பேச்சு கடைசி வரிசைவரை கேட்டது.

பூட்டை அகற்ற வேண்டும் என்று இளையோர் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தலைவர் அவர்களுடைய ஆர்வத்தைப் பாராட்டி, தீர்மானத்தை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். உரிய இடம் மார்க்கெட் கமிட்டி. அதாவது அவர். தனக்கு வந்த தீர்மானத்தை அவர் மரியாதையாக மேசை இழுப்பறையில் வைத்தார்.

அதற்குப் பிறகு மகள் அவரோடு பேசவில்லை. சட்டையும் தேய்த்துத் தரவில்லை. அவரே தேய்க்கப் பார்த்து முதுகில் ஒரு பழுப்புத் தழும்பை உண்டாக்கினார். அந்தச் சட்டையோடுதான் அடுத்த நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். இனிமேல் இளையோர் எதைப் பற்றிப் பேசலாம் என்பதை நகராட்சியே முடிவு செய்யும், பேச்சை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். கைகள் உயர்ந்தன. அவர் கையும் உயர்ந்தது. தேர்தலில் நின்று ஜெயித்தது அந்தக் கைதானோ, நாம் சும்மா அதோடு ஒட்டிக்கொண்டு வந்தோமோ என்று அவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது.

மரம் வளர்ப்போம், வாசிப்பை நேசிப்போம், நிறையத் தண்ணீர் குடித்து நலமாக வாழ்வோம். இவைதான் ஒப்புதல் கிடைத்த தலைப்புகள். சண்டைக்குத் தயாராகி மகளிடம் போய்ச் சொன்னார். அவள் சண்டை போடவில்லை.

"நான் தண்ணியப் பத்தியே பேசறேன்பா."

அவருக்குப் போன உயிர் வந்தது. மறுநாள் தலைவரிடம் போய், "நம்ம பொண்ணு தலைவரே, சொன்னா கேட்டுக்கும்" என்று பீற்றிக்கொண்டார். பிற்பாடு இந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும் அவருக்கு.

இரண்டாவது கூட்டத்தில் மகள் ஒப்புதல் வாங்கிய பேச்சை ஓர் எழுத்து மாறாமல் பேசினாள். உடம்புக்குத் தண்ணீர் எத்தனை அவசியம், குறைந்தால் சிறுநீரகத்துக்கு என்ன கேடு என்று விளக்கினாள். "சொன்னாப் போதாது, செஞ்சு காட்டணும். அதுக்காக மார்க்கெட்லேர்ந்து சில பேர் வந்திருக்காங்க" என்று முடித்தாள்.

முன்வரிசைக்குப் பின்னால் அவளுடைய சித்தியும், மற்ற கடைக்காரப் பெண்களும் பெரிய பெரிய பாட்டில்களைத் திறந்தார்கள். மடமடவென்று குடித்தார்கள். தலைவர் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். போட்டோ எடுக்கச் சொன்னார்.

அடுத்து மரம் வளர்ப்பு. அதைப் பேச வந்த இளைஞன் விதையிலிருந்து ஆரம்பித்தான். வேர் வந்தது, தண்டு வந்தது, கிளை வந்தது, நிழல் வரவே இல்லை. இதுவும் ஏற்பாடுதான் என்று அவருக்குப் புரிந்தபோது சித்தி எழுந்துவிட்டாள்.

"ஐயா, போகணும்."

"போய்ட்டு வாங்கம்மா" என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

"எங்கங்க போறது?"

தலைவருக்கு அப்போதுதான் விளங்கியது. நகராட்சிக் கட்டிடத்தில் பொதுமக்களுக்கென்று இருந்தது ஆண்களுக்கு மட்டும். தலைவருடைய அறைக்குள் ஒன்று உண்டு, அது அவருக்கு மட்டும்.

"இங்க வேலை பாக்குற பொம்பளைங்க எங்க போறாங்க?" என்று தலைவர் எரிச்சலோடு கேட்டார்.

பின்னாலிருந்து தட்டச்சுக்காரம்மா மெல்லச் சொன்னாள்: "நாங்களும் தண்ணி குடிக்கிறதில்லைங்க."

"சரி சரி, மார்க்கெட்டுல இருக்குல்ல, அங்க போங்க."

சித்தி முன்வரிசையில் இருந்த தன் அண்ணன் முன்னால் போய் நின்றாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"அண்ணே, எனக்கு ஒண்ணுக்குப் போகணும். சாவி குடு."

"எனக்கும்" என்றாள் இன்னொருத்தி. "எனக்கும்ணே." "எனக்குந்தான்." ஒவ்வொரு குரலுக்கும் மச்சானின் தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"உள்ள சரக்கு இருக்கும்மா" என்று முனகினான்.

மூலையில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து அவர் எழுந்தார். யாரும் அவருக்குச் சைகை காட்டவில்லை, அதுவே புதுசாக இருந்தது. வராந்தாவைக் கடந்து போய்த் தலைவரின் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் வாங்கம்மா."

"யோவ், அது என் ரூமுய்யா!"

"தெரியும் தலைவரே."

பெண்கள் வரிசையாகப் போனார்கள். கடைசியில், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தட்டச்சுக்காரம்மாவும் போனாள்.

அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மகள் ஏதாவது சொல்வாள் என்று சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே கேட்டாள்: "கதவத் திறந்ததுக்குக் கைதட்டணுமாப்பா?"

"சேச்சே" என்றார். மனதுக்குள் ஆமாம் என்றுதான் இருந்தது.

"முதல் நாள் மைக்க அடைச்சீங்களே, அது எனக்கு இன்னும் ஆறலப்பா."

"ஆறவேண்டாம்மா" என்றார். சாப்பாட்டை முடித்துவிட்டுப் போய், அடுத்த கூட்டத்துக்கு அவளுடைய துப்பட்டாவைத் தேய்க்கிறேன் என்று ஆரம்பித்தார். அவள் அலறிக்கொண்டு வந்து பிடுங்கிக்கொண்டாள்.

கமிட்டித் தலைவர் பதவி போனது. மார்க்கெட்டில் பூட்டு அப்படியே தொங்கியது. ஆனால் பெண்கள் இப்போது தண்ணீர் குடித்தார்கள். குடித்துவிட்டு ஒருத்தி மாற்றி ஒருத்தி பழக்கடை வாசலில் போய் நின்று, வாடிக்கையாளர் காதில் விழும்படி சாவி கேட்டார்கள். மச்சான் தன் மனைவியைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு எங்கேயாவது போய்விடுவதாகக் கேள்வி. அந்த அம்மாளும் கேட்டவர்களிடம் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தானும் எழுந்து கூடவே போய்விடுகிறாளாம். பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

நகராட்சி எதற்கும் அசையாது என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. கூட்டம் முடிந்த மறுநாளே, விண்ணப்பம் இல்லாமல், கமிட்டி இல்லாமல், மின்னல் வேகத்தில் ஒரு வேலை நடந்தது. தலைவர் அறையின் குளியலறைக் கதவுக்குப் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு வந்தது.

ஒரு நாள் தலைவர் தன் அறையில் நாலு பெரிய மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவரும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தட்டச்சுக்காரம்மா உள்ளே வந்தாள். கையில் எந்தக் கோப்பும் இல்லை. அந்த அலுவலகத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே பாதிப்பேருக்குத் தெரியாது. பூட்டைப் பார்த்தாள், பெரிய மனிதர்களைப் பார்த்தாள், பிறகு வராந்தா முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"தலைவரே, இதுக்குச் சாவி யாருகிட்டங்க கேக்கணும்?"