எனிஃபா வீட்டின் வளர்ச்சி விகிதம்

மலாவி நாட்டின் பொருளாதாரம் ஆறு விழுக்காடு வளர்ந்திருப்பதாக வானொலி அறிவித்த காலையில், லிலோங்வே நெடுஞ்சாலையை ஒட்டிய கபோலோ என்ற சிற்றூரில், எனிஃபா சிம்வாசாவின் மண் வீடும் ஆறு விழுக்காடு வளர்ந்தது. முந்தின நாள்வரை கைக்கு எட்டிய உப்பு டப்பா எட்டாமல் போனதால்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. தன் முதுகுதான் கூனிவிட்டதோ என்று சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள், கூனவில்லை. அடுப்பிலிருந்து வாசல் ஓரெட்டுத் தள்ளிப் போயிருந்தது. பக்கத்து வீடுகள் ஒரு விரல்கூட நகரவில்லை. நாட்டுக்கு வளர்ச்சி வந்தால் அது எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும் என்று பாதிரியார் சொல்ல, ஊர் அத்துடன் அந்தப் பேச்சை விட்டுவிட்டுச் சாலையோரம் உருளைக்கிழங்கு விற்கப் போனது.

அவள் கணவன் வைசன், சைக்கிள் பின்னிருக்கையில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. சவாரி ஏறியவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் வீட்டு உயரத்தைச் சொன்னான்.

“வீடு வளர்ந்தா நல்லதுதானே, ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?”

“வீடுதான்யா வளருது. பானை அப்படியே கெடக்கு பாரு” என்றாள் எனிஃபா.

அடுத்து வந்த ஆண்டுகளில் நாடு சில சமயம் நாலு, சில சமயம் ஏழு என்று வளர்ந்துகொண்டே போனது. வீடும் ஒரு வருடம் தவறவில்லை. கூரை விரிந்தது, அதன் மேலிருந்த புல் விரியவில்லை. ஆகவே வெளியே தூறல் போட்டால் உள்ளே கொட்டியது. துடைப்பங்கள் பாதி வீட்டைப் பெருக்குவதற்குள் தேய்ந்தன. இந்த மூலையில் இருக்கும் பிள்ளைகளை அந்த மூலையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால், வந்து சேர்வதற்குள் மக்காச்சோளக் களி ஆறிப்போயிற்று. பக்கத்து வீட்டு லவ்னெஸ், “என்னக்கா, அடுப்படியிலேருந்து கட்டிலுக்கு அண்ணன் சைக்கிள்ல கொண்டுபோய் விடுறாராமே, சவாரிக்கு எவ்வளவு கேக்குறார்?” என்று சந்தையில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

வீடு இரண்டு மடங்காகியிருந்தபோது, ஏழைகளைக் கணக்கெடுக்கத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கணக்கில் இருப்பவர்களுக்குத்தான் மலிவு விலை உரம். அவர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்ததில் தொப்பி பின்னால் விழுந்தது.

“அம்மா, இவ்வளவு ஒசரமான வீட்டுல இருக்கறவங்கள ஏழைன்னு எழுதினா, ஆபீஸ்ல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க.”

“சாப்பிடுற நேரத்துக்கு ஒரு தடவ வாங்க சார். அதையும் அளந்து பாருங்க.”

“அதை அளக்க எனக்கு நாடா குடுக்கலையேம்மா.”

கெட்ட மனிதரில்லை, போகும்போது அவளிடமே ஒரு வாளி உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு போனார். உரம் போய்விட்டது. அந்த விளைச்சலில் மக்காச்சோளக் கதிர்கள் கட்டைவிரல் பருமனுக்கு மேல் தேறவில்லை. புத்தாண்டு பிறந்ததும் சோளம் தீர்ந்துபோய், வீட்டில் மாங்காய்களை வேகவைத்துத் தின்றார்கள். கடைக்குட்டிப் பெண் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அவளை முதுகில் கட்டிக்கொண்டு வந்து கிடத்திய எனிஃபா, நாட்டின் வளர்ச்சி முழுவதும் தலைக்கு மேலே காலியாக நிற்பதை அன்றுதான் நன்றாகப் பார்த்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

வழக்கமாக அறுவடை முடிந்த கையோடு வியாபாரி கபிடோவின் லாரி வரும். காயவைத்துக் காக்க யாருக்கும் இடமில்லாததால், அவன் சொன்ன விலைக்கு மக்காச்சோளத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிப்ரவரியில் அதே சோளம் அதே லாரியில் மூன்று மடங்கு விலையோடு திரும்பி வரும். அடுத்த அறுவடையில் எனிஃபா வீடு வீடாகப் போய், “ஒருத்தரும் விக்காதீங்க. எல்லாத்தையும் என் வீட்டுல போடுங்க” என்றாள்.

“ஒங்க வீட்ட நம்பலாம்க்கா” என்றாள் லவ்னெஸ். “ஒங்க வீட்டுக்காரர நம்பலாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். வைசனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. எனிஃபா சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஊரே சேர்ந்து கூரை வேய்ந்தது. பூச்சி அண்டாமலிருக்கச் சாம்பல் கலந்த சோளம் மூட்டை மூட்டையாக ஏறி, இருந்த உயரத்தில் முக்கால்வாசியை நிறைத்தது. மூட்டைக்கு ஒரு கிண்ணம் சோளம் அவளுக்கு வாடகை. அந்த வருடம் கபிடோவின் லாரி காலியாகத் திரும்பியது.

நவம்பரில், நாட்டின் பணமான குவாச்சாவின் மதிப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டதாக வானொலி சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் எனிஃபாவின் வீடு சுருங்கத் தொடங்கியது. சுவர்கள் முனகிக்கொண்டே உள்ளே நகர்ந்தன, உத்தரம் இறங்கியது, கதவு நிலையில் சிக்கியது. தங்கள் மூட்டைகளை இழுத்துக்கொண்டு போக ஊர் ஓடி வந்தது. லவ்னெஸ்தான் முதலில் கை வைத்தாள். எனிஃபா வாசலை மறித்து நின்றாள்.

“ஒண்ணையும் எடுக்காதீங்கடி! எடம் விட்டா சுருங்கிடும். வீட்டுல மிச்சம் மீதி இருக்கறதக் கொண்டாங்க!”

லவ்னெஸ் மூட்டையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தன் வீட்டுக்கு ஓடி, விதைக்கென்று வைத்திருந்த கடைசி மூட்டையைத் தலையில் சுமந்து வந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். வேர்க்கடலை வந்தது, அவரை வந்தது, வைசன் தன் சைக்கிளையே உள்ளே திணித்தான். இனி ஒரு மூட்டைகூட நுழையாது என்றானபோது, வீடு கடைசியாக ஒருமுறை நெரித்துப் பார்த்துவிட்டு நின்றது. பிள்ளைகளை மூட்டைகளின் மேல் படுக்கவைத்து, கணவனும் மனைவியும் வெளியே படுத்தார்கள்.

பிப்ரவரியில் கபிடோ லாரி நிறையச் சோளத்தோடு வந்தான். வாங்க ஆளில்லை. அடுத்த வாரம் காலி லாரியோடு வந்து, நகரத்துக்குக் கொண்டுபோக மூட்டை கிடைக்குமா என்று எனிஃபாவிடம் கேட்டான். ஊரின் தேவைக்குப் போக மிஞ்சியதற்கு, இந்தமுறை விலையை அவள் சொன்னாள். முதல் மூட்டையை வெளியே இழுத்துத் தராசில் ஏற்றியபோது சுவருக்குள்ளிருந்து ஒரு நீண்ட முனகல் வந்தது. கபிடோ தள்ளி நின்றுகொண்டான்.

“என்னம்மா சத்தம் அது?”

“பணம் இன்னும் கொஞ்சம் எறங்குது போல” என்றாள் எனிஃபா. “நீங்க தராசப் பாருங்கண்ணே.”