எல்கடுவ இறக்கம்

அருந்ததி பிரேக்கை மிதித்தபோது பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை இறங்கியது. பாடசாலை விட்டு வீடு திரும்பும் வழி. எல்கடுவக் கடைத்தெருவைத் தாண்டி, தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு ரோடு உக்குவளைப் பக்கம் சரியத் தொடங்கும் இடம். எதிரே கொழுந்து மூட்டைகளோடு ஒரு லொறி ஏறிவந்துகொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. கியரைத் தாழ்த்தினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், இடது பக்கத்து மண்மேட்டோடு காரை உரசவிட்டாள். முன்சக்கரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கார் நின்றது. லொறி ஹோன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

பக்கத்தில் இருந்த பர்ஸானா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். அதே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். கல்யாணமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். உக்குவளையிலிருந்து தினமும் அருந்ததியின் காரில்தான் வருவாள், போவாள்.

“என்ன மிஸ் நடந்துச்சு?”

“பிரேக் போயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே அருந்ததி மறுபடியும் பெடலை மிதித்துப் பார்த்தாள். கல்லைப்போல உறுதியாக இருந்தது. “இல்ல, இருக்கு” என்றாள். அவள் குரல் அவளுக்கே பொய் சொல்வதுபோலக் கேட்டது.

காரை வாங்கிய கொம்பனியின் கிளை மாத்தளையில், கண்டி வீதியோரம் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே குளிர், கோப்பி மெஷின், சத்தம் குறைத்து வைத்த டிவி. திருத்தும் பகுதி பின்னால் இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. சேர்விஸ் மெனேஜர் நுஹ்மான் நாற்பது வயதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். அருந்ததி சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். சாயந்தரம் கார் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. பிரேக் பேட் மாற்றியாயிற்று, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு பிழையும் இல்லை என்றார். அவள் நம்பினாள். நம்பாமலிருக்கக் காரணம் ஏதும் இருக்கவில்லை. கராஜ்காரர்கள் ஏமாற்றுவார்கள், கொம்பனிக்காரர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்பதற்காகத்தானே தூரத்துச் சொந்தத்தில் ஒரு மெக்கானிக் இருந்தும் இங்கே வந்திருந்தாள்.

அடுத்த தடவை மலையில் நடக்கவில்லை. உக்குவளையில் ரயில் கடவை மூடியிருந்தது. கடவைக்கு இறங்கும் சிறு சரிவில், காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரயில் வரும் சத்தம் கேட்டபோது, தடுப்புக் கம்பம் தன்னை நோக்கி மெதுவாக வருவதுபோலத் தெரிந்தது. கம்பம் வரவில்லை, கார்தான் நகர்ந்துகொண்டிருந்தது. காலுக்கடியில் பெடல் சேற்றில் இறங்குவதுபோல அமிழ்ந்துகொண்டிருந்தது. எடுத்து எடுத்து மிதித்தாள். கம்பத்தைத் தொடுகிற அளவில் கார் நின்றது. பர்ஸானா கண்களை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினாள். ரயில் போய்க் கடவை திறந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை காரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நுஹ்மான் அவளைத் தன் அறைக்கே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அது மரியாதைக்காகத்தான் என்று அவள் முதலில் நினைத்தாள்.

“எல்லாம் பாத்துட்டோம் மிஸ். கார்ல ஒரு குறையும் இல்ல. நான் சொல்றத பிழையா எடுக்க வேணாம். சில நேரம் பயத்துல கால் பெடல் மாறிடும். நல்லா ஓட்டுறவங்களுக்கும் நடக்கும்.”

அவள் இருபது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் கெஞ்சுவதுபோல இருக்கும் என்று தோன்றியதால் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை பர்ஸானா தொலைபேசியில் பேசினாள். “மிஸ், டொக்டர் கார்ல போக வேணாம்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளைக்கு பஸ்லயே போறேன். கோவிச்சிக்காதீங்க.” அந்த ரோட்டில் பஸ் எப்படிக் குலுக்கும் என்பது இருவருக்கும் தெரியும். எந்த டொக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். “அதுதான் நல்லது பர்ஸானா” என்று அருந்ததி சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் தன் காலையே சந்தேகிக்கத் தொடங்கினாள். பிரேக் என்று நினைத்து வேறெங்கோ மிதித்திருப்பேனோ? பெடல் இறங்கியதை உணர்ந்தது உண்மைதானா, பயத்தில் மனசு இட்டுக்கட்டியதா? பஸ்ஸுக்கு மாறிவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தாள். மாறினால், கால்தான் பிழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவள் கணவர் தர்மலிங்கம் நில அளவைத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கருவி காட்டுவதை நம்பிப் பழகிய மனிதர். கம்ப்யூட்டர் பிழையில்லை என்றால் பிழையில்லை. ஆனாலும் மனைவி பயப்படுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். “ஒனக்கு அந்தக் கார் ஒத்துவரல்ல. வித்துடுவோம்” என்றார். அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையிலேயே வாங்க ஆளும் வந்தது. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மருத்துவமாதுவாக வேலை பார்க்கும் கமலாட்சி. தெரிந்த பிள்ளை. பிரசவம் என்று கூப்பிட்டால் மழையிலும் மலைக்குப் போக வேண்டியவள், ஸ்கூட்டியில் இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டாள்.

கமலாட்சி காரைச் சுற்றிப் பார்த்தாள், உள்ளே உட்கார்ந்தாள், ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தர்மலிங்கம் ஜன்னலோரம் குனிந்து, “கொம்பனிக்காரங்களே ரெண்டு தரம் பாத்துட்டாங்க. ஒரு குறையும் சொல்லல்ல” என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தேத்தண்ணியோடு வாசலில் நின்ற அருந்ததிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“கமலா, இறங்கும்மா. இதுல பிரேக் சரியில்ல.”

“இப்பத்தானே அண்ணன் பாத்தாச்சுன்னு...”

“பாத்தாங்க. ஆனா சரியில்ல. எனக்குத் தெரியும்.”

கமலாட்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவன் மனைவிச் சண்டைக்குள் வந்து மாட்டிக்கொண்டதாக நினைத்திருக்க வேண்டும். தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்க்கா” என்று போனாள். அன்று முழுக்கத் தர்மலிங்கம் பேசவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், “நான் அந்தப் பிள்ளையக் கொல்லப் பாத்தேன்னு நெனக்கிறியா?” என்று கேட்டார். அவள் இல்லையென்று சொன்னாள். ஆனால் அந்த இல்லையைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதை அவரும் கவனித்தார்.

மறுநாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுக் கொம்பனிக்குப் போனாள். நுஹ்மான் எழுந்து நின்றார்.

“காரை விட்டுட்டுப் போக வரல்ல. நீங்க என்னோட எல்கடுவைக்கு வாங்க. வந்து பாருங்க.”

“நல்ல மெக்கானிக் ஒருத்தர அனுப்புறேன் மிஸ்.”

“என் கால் பிழைன்னு சொன்னது மெக்கானிக் இல்ல. நீங்க.”

சோபாவில் இருந்தவர்கள் டிவியிலிருந்து திரும்பினார்கள். நுஹ்மான் தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏறும்போது நுஹ்மான் அதிகம் பேசவில்லை. தன் ஊர் மாத்தளைக்கு வடக்கே நாலந்தா என்றும், அங்கே ரோடெல்லாம் நேராகத்தான் இருக்கும் என்றும் மட்டும் சொன்னார். தேயிலைக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது. எல்கடுவையில் காரைத் திருப்பி அருந்ததி மெதுவாக இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தது. நன்றாகப் பிடித்தது. பாதி வழியில் தான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பிரேக் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் காரில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் ரோட்டில், தன் சொல் நிற்பதற்காக. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த வளைவிலும் அதையேதான் வேண்டினாள்.

இறக்கம் முடியுமிடத்தில் நுஹ்மான் மெல்ல, “பாத்தீங்கதானே மிஸ்” என்றார். குரலில் கேலி இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

அவள் காரை ஓரம் நிறுத்தி இறங்கி, மறுபக்கம் வந்து அவர் கதவைத் திறந்தாள். “இன்னொரு தரம். இப்ப நீங்க ஓட்டுங்க.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். இடம் மாறி உட்கார்ந்தார்.

இரண்டாவது தடவை இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நுஹ்மான் நன்றாக ஓட்டுகிறவர். ஒரு கையை ஸ்டியரிங்கில் லேசாக வைத்துக்கொண்டு, வளைவுகளை முன்கூட்டியே கணித்து ஓட்டினார். மலையடிவாரத்தை நெருங்கும்போது முன்னால் போன பஸ் தோட்டத்து ஆட்களை இறக்க நின்றது. கொழுந்துப் பைகளைத் தலையில் மழைக்குக் கவிழ்த்தபடி பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நுஹ்மான் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. இன்னொரு தரம் மிதித்தார். அவர் முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே நீண்டு போனதை அருந்ததி பார்த்தாள்.

“யா அல்லாஹ்” என்ற சத்தமும் ஹேண்ட் பிரேக்கின் கிறீச்சும் ஒன்றாகக் கேட்டன. கார் வால் சுழற்றி இடது பக்கம் திரும்பி, ரோட்டோரச் சீமெந்துக் கட்டில் மோதி நின்றது. பஸ்ஸின் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்து ஏதோ திட்டினாள். அந்தப் பெண்களை நினைக்காமல் இந்த மலைக்கு இரண்டு தரம் ஏறி வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அருந்ததிக்குத் தோன்றியது.

நுஹ்மான் மறுபடியும் பெடலை மிதித்துப் பார்த்தார். அது உறுதியாக இருந்தது. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.

“கால் மாறல்ல” என்றார் கடைசியில்.

வெற்றி பெற்றதுபோல அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. கார் கானுக்குள் விழுந்த அன்று கண்ணாடியில் பார்த்த தன் முகத்தை இன்னொருவர் கழுத்தின் மேல் பார்ப்பதுபோல இருந்தது.

“மிஸ், மாஸ்டர் சிலிண்டர்னு ஒண்ணு இருக்கு. நம்ம மிதிக்கிறத வீலுக்கு அனுப்புறது அதுதான். உள்ளுக்குள்ள லீக் ஆனா இப்படித்தான் வந்து வந்து போகும். கம்ப்யூட்டர்ல காட்டாது. கழட்டித்தான் பாக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “நாங்க கழட்டல்ல. ரெண்டு தரமும். எல்லாம் பாத்துட்டோம்னு நான்தான் சொன்னேன்.”

“ஏன்?”

“வேல கூட. அதோட...” அவர் முடிக்கவில்லை. அதோட, ஒரு பொம்பிளை சொல்கிறாள், அவ்வளவுதானே என்பது மிச்சமாக இருந்திருக்கும். அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தர்மலிங்கம் போன் பண்ணினார். கமலாட்சி மறுபடியும் காரைக் கேட்கிறாள், என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அருந்ததி போனை நுஹ்மானிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தன் பெயரைச் சொன்னார். “மிஸ் சொன்னது சரி சேர். இப்ப நான்தான் ஓட்டினேன். பிரேக் இல்ல.” தர்மலிங்கத்தின் குரல் அருந்ததிக்கும் கேட்டது: “அவவுக்கு ஒண்ணும் இல்லயே?”

காரைத் தூக்கிச் செல்லும் லொறி வரும்போது மழை குறைந்திருந்தது. டிரைவர் ஒரு சிங்களவர், வயதானவர். சங்கிலியை மாட்டிவிட்டு, எங்கே கொண்டுபோக வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். நுஹ்மான் வாயெடுத்து, பிறகு அருந்ததியைப் பார்த்தார். “வேற இடம்னாலும் பரவாயில்ல மிஸ். நானே கூட்டிட்டுப் போய் விடுறேன்.”

அந்தச் சொந்தக்கார மெக்கானிக்கை நினைத்தாள். கண்டியில் ஒரு பெரிய இடம் இருப்பதாகச் சொல்வார்கள், அதையும் நினைத்தாள். அங்கேயும் கண்ணாடி இருக்கும், கோப்பி இருக்கும், மரியாதையாகப் பேசும் ஒருவர் இருப்பார். அவர் இன்னும் இந்த மலையில் பிரேக்கை மிதித்திருக்க மாட்டார்.

“ஒங்க இடத்துக்கே கொண்டுபோங்க” என்றாள். “கழட்டும்போது நான் பக்கத்துல நிப்பேன்.”

“நில்லுங்க மிஸ்.”

லொறியின் முன்பக்கத்தில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் பிக்குமார் ஓதிக் கொடுத்த பிரித் நூலும் காய்ந்த பூவும் ஆடின. டிரைவர் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு இறக்கத்தில் லொறியை விட்டார். மிச்சமிருந்த வளைவுகளில் முதலாவது வந்தபோது அருந்ததியின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பெடல் ஒன்றும் இல்லை, ரப்பர் விரிப்பு மட்டும்தான். வெட்கப்பட்டுக் குனிந்தாள். பக்கத்தில் நுஹ்மானின் சேறு படிந்த சப்பாத்தும் அதே விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது, வளைவு முடியும்வரை.