முன் சீட்டுக்கு ஒரு கனமான ஆள்

ஜாம்ரிஸ் தன் ஷேர் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இடது முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மைப் புதிதாக மாட்டி, பால் ஜாயின்டைப் பூட்டியாயிற்று. சேஸிஸ் பக்கத்து போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டிருந்தான்.

மதியம் மாமியாரின் தம்பி மகளுக்குக் கல்யாண விருந்து. போன விருந்துக்கு மாமியார் ரஸ்மானி மூத்த மருமகனின் காரில் போனார். 'டொக்கு டொக்குன்னு அடிக்கிற வண்டியில எவ ஏறுவா' என்று அவர் சொன்னது இவன் காதுக்கு வந்துவிட்டது. பரியாமான் ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில்தான் இவன் குடியிருப்பு. இவனுக்கும் அவர் 'அமாக்', அம்மாதான். ஆனால் அவர் இவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கல்யாணத்தில் சூட்டிய 'பகிந்தோ' பட்டம்தான். விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை. அது அவனுக்குப் புளித்துவிட்டது. இன்று அவர் தன் வேனில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி யுலிநார் குனிந்து பார்த்தாள். "என்னங்க அஜோ, முடிஞ்சுதா? காரைக் கொண்டுவரச் சொல்லி அக்கா வீட்டுக்காரருக்கு அமாக் போன் போடப் போறாங்க."

"போல்ட்டை டைட் பண்ணணும்."

"பண்ண வேண்டியதுதானே?"

"சக்கரம் தொங்கும்போது முறுக்கினா, வண்டியை இறக்கினதும் ஆர்ம் முனையில இருக்கிற புஷ் ரப்பர் திருகிக்கிட்டுக் கிழியும். போன தடவை அப்படிக் கிழிஞ்சுதான் டொக்கு டொக்குன்னு அடிச்சுது. இறக்கி, முன் சீட்டுல ஆளை உக்கார வச்சுதான் முறுக்கணும்."

"நான் உக்காரவா?"

"நீ உக்காந்தா வண்டிக்கே தெரியாதுடி."

சக்கரத்தை மாட்டினான். அடியில் புக இடம் இருக்கும்படி தடிப்பலகைகள் மேல் வேனை இறக்கினான். இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

"நீங்களே கேளுங்க" என்றாள்.

"மருமகன் போய், 'அமாக், நீங்க நல்ல கனம், வாங்க'ன்னு கேக்குறதா?"

"நான் கேட்டா கரண்டி பறக்கும்."

"ஏன் பறக்காது?" ரஸ்மானி வாசலில் நின்றிருந்தார். "பகிந்தோ, எத்தனை மூட்டை அரிசி கனம் வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு... இருந்தா போதும், அமாக்."

"ரெண்டரையா வச்சுக்கோங்க."

ஏறி உட்கார்ந்தார். வேன் இடப்பக்கம் பணிந்தது. ஜாம்ரிஸ் அடியில் புகுந்தான். ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாட்டினான்.

"டேய் ஜாம்ரிஸ்!" மேலிருந்து ரஸ்மானி கத்தினார். "உள்ளயே தூங்கிட்டியா? வெயில் மண்டையைப் பொளக்குது!"

யுலிநார் வாயைப் பொத்திக்கொண்டாள். அடியில் ஸ்பானர் இன்னும் வேகமாகக் கிறீச்சிட்டது.

வெளியே வந்தான். "முடிஞ்சுது, அமாக். இறங்கலாம்."

"இறங்கி, மறுபடி ஏறணுமா? என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? யுலி, என் சால்வையை எடுத்துட்டு வாடி."

"அப்ப அக்கா வீட்டுக்காரர்?"

"அவன் காரு ஏசி நாத்தத்துல எனக்குக் குமட்டும். அவன்கிட்டச் சொல்லித் தொலைச்சிடாத." மருமகன் பக்கம் திரும்பினார். "நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? கையக் கழுவு."

அவன் கிணற்றடிக்கு ஓடினான்.