கோடு விலகிய நட்டு

எங்கள் வீட்டுக்காரர் ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார் என்று ஊரே சொல்லும். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அப்படிப்பட்ட மனுஷன் எட்டு நாளாக ஒரு பழைய பிக்கப் வண்டியோடு மாரடித்துக்கொண்டிருந்தார். நானோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கிளம்பியாக வேண்டும். மகள் போனில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். மருமகன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான், சனிக்கிழமை விடிந்தால் திரும்பிவிடுவான். "அவர் வர்றதுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மா. தையல் மிஷின் ரெண்டையும் விட்டுட்டு வர மாட்டேன். அது இருந்தாதான் என் சோத்த நான் சாப்பிட முடியும்." முன்பெல்லாம் அவன் கை நீட்டினான் என்று அழுதுகொண்டு சொல்வாள். இந்தத் தடவை அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வாடகை வண்டி பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவன் எல்லாம் மருமகனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன். ஒரு மிஷினைத் தூக்கி ஏற்றுவதற்குள் அவனுக்கு போன் போயிருக்கும். எங்கள் ஊரிலிருந்து வண்டி பிடித்தாலோ, விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஆக, எங்களுக்கு இருந்தது இந்த ஓட்டை வண்டி ஒன்றுதான்.

அது மூன்று வருஷமாகக் கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால், "வயசாயிடுச்சு" என்பார். வண்டிக்கா தனக்கா என்று சொல்ல மாட்டார். தார்ப்பாயை இழுத்தபோது சீட்டுக்குள்ளிருந்து எலிக் குடும்பமே குடித்தனத்தைக் காலி செய்துகொண்டு ஓடியது. பின் தட்டில் துரு. நாலு டயரிலும் காற்று இல்லை.

அவர் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் சும்மா இருக்கிற ஜாதியா? சீட்டைப் பிரித்து எலி கடித்த பஞ்சைக் கொட்டிவிட்டுப் பழைய தலையணையை உள்ளே திணித்துத் தைத்தேன். பின் தட்டைத் தேய்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஆகும்."

"எப்ப ஆகும்?"

"நீ கேக்குறத நிறுத்தினா ஆகும்."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அப்படியொரு நிதானம். திங்கட்கிழமை பிரேக்கைச் சரிசெய்தார். செவ்வாய்க்கிழமை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். அன்று சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது இஞ்சின் சத்தம் என் காதில் விழுந்தது. தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தேன். அதற்குள் நின்றுவிட்டது.

"ஓடுச்சே!"

"ஓடுச்சு. நின்னுடுச்சு. இன்னும் வேலை இருக்கு."

புதன்கிழமை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "ஸ்டார்ட்டர் தகராறு" என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அன்று முழுக்க ஸ்டார்ட்டரைக் கழற்றினார், மாட்டினார். மறுபடி 'டிக்'. வியாழக்கிழமை மதியம், ரேடியேட்டர் ஹோஸும் வாங்கியாக வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பழைய ஹோஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணியை எடுத்துக்கொண்டு இஞ்சினைத் துடைக்கப் போனேன். அவர் இருந்தால் தொட விட மாட்டார்.

இவருக்கு டிப்போவில் பழகிய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு நட்டை முறுக்கி முடித்தால், நட்டின் மேலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு இழுப்பார். கோடு நேராக இருந்தால் நட்டு இருந்த இடத்தில் இருக்கிறது. கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது. வீட்டில் மின்விசிறி மாட்டினாலும் கோடுதான், கட்டிலை முடுக்கினாலும் கோடுதான். கல்யாணமான புதிதில் நான் குக்கர் கைப்பிடியில் கோட்டைப் பார்த்து, கீறல் என்று நினைத்துச் சுரண்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இஞ்சின் முழுக்க வெள்ளைக் கோடுகள். எல்லாம் நேர்க்கோடுகள். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த கறுப்பு ஒயர் வந்து வண்டி உடம்பில் முட்டுகிற இடத்தில் மட்டும் கோடு இரண்டாக நின்றது. பாதி நட்டில், பாதி இரும்பில், நடுவே ஒரு விரல் இடைவெளி.

நின்று யோசித்தேன். கோடு போட்டிருக்கிறார் என்றால் முறுக்கி முடித்திருக்கிறார். வண்டி இடத்தை விட்டு அசையவே இல்லை. பிறகு நட்டு எப்படித் தானாகச் சுழலும்? ஸ்பேனரை எடுத்தேன். கோடும் கோடும் சேரும் வரைக்கும் முறுக்கினேன். உள்ளே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

வண்டி ஒரே திருப்பில் உறுமிக்கொண்டு எழுந்தது.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொல்லைக் கதவு திறந்தது. கையில் புது ஹோஸோடு அவர் நின்றார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கீங்க" என்றேன். "நீங்களே முறுக்கி, நீங்களே அவுத்துவிட்டு, எட்டு நாளா எனக்கு நாடகம் காட்டுறீங்களா? அங்க அவ நாள எண்ணிக்கிட்டு இருக்கா!"

அவர் ஹோஸைக் கீழே வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"மூணு வருஷம் முன்னாடி வந்தாளே, கண்ணு வீங்கிப் போயி. நாலாம் நாள் இதே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி நான்தானே விட்டுட்டு வந்தேன். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல. இறங்கும்போது 'பாத்துப் போங்கப்பா'ன்னா. எனக்கு அவ புத்தி சொன்னா. அன்னையிலிருந்து இந்த ஸ்டியரிங்கப் புடிக்கவே முடியல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு, அதே வண்டியில போயி 'ஏறும்மா'ன்னு சொல்றது?"

"உங்க மூஞ்சிய எவ கேட்டா? பொண்ணோட உயிர் பெருசா, உங்க மூஞ்சி பெருசா?"

நான் அதோடு விடவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டினேன். கல்நெஞ்சக்காரர் என்றேன், பெற்ற பெண்ணைப் புலிக்குகையில் விட்டுவிட்டு வந்த பாவி என்றேன். அவர் ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னவோ சொல்ல வந்தார். பிறகு எழுந்து போய்ப் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, நான் முறுக்கிய நட்டின் மேல் கோட்டைப் புதுப்பித்தார்.

"காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் ஓடினோம். ஒரு இடத்திலும் வண்டி மக்கர் பண்ணவில்லை. அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். நான் மட்டும் கயிறு எடுத்தீர்களா, சாக்கு எடுத்தீர்களா என்று அரற்றிக்கொண்டே போனேன்.

மகள் வாசலில் நின்றாள். பக்கத்தில் மிஷின் இரண்டும், இரண்டு பையும். புருவத்துக்கு மேலே மஞ்சளாகிப்போன பழைய காயம். அவர் இஞ்சினை நிறுத்தாமலேயே இறங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல் நேராக மிஷினிடம் போய்க் குனிந்தார்.

"அப்பா, இடுப்புப் பத்திரம். இருங்க, நானும் புடிக்கிறேன்" என்றாள். இருவருமாகத் தூக்கினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கயிறு கட்டினார். அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். இவ்வளவுதானா, இதற்கா இந்த மனுஷன் எட்டு நாள் என்னைச் சாகடித்தார் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். "சீக்கிரம் ஏறுடி, நாலு பேர் பாக்குறாங்க" என்று நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

அவள் ஏறவில்லை.

"அம்மா, நீ ஒண்ணு சொல்லு. நாலு நாள் கழிச்சு என்னைத் திரும்பப் போகச் சொல்ல மாட்டியே?"

"அதை உங்கப்பாகிட்ட கேளுடி. கொண்டுவந்து விட்டது அவரு."

"அப்பா வண்டி ஓட்டினாரு. 'நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, கொண்டுபோய் விட்டுட்டு வாங்க'ன்னு சொன்னது நீ. அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நான் ரூமுக்குள்ள முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

அவர் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று அவ்வளவு திட்டியும் இதை அவர் சொல்லவில்லை. மூன்று வருஷமாக நானும் அதை மறந்ததுபோல இருந்துவிட்டேன். மறக்கவில்லை.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"கேக்கல."

இஞ்சின் சத்தத்தில் உண்மையிலேயே கேட்கவில்லையோ என்னவோ. பக்கத்து வீட்டம்மா இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

"தப்பு என்மேலதான்! இனிமே உன்னை நான் திரும்பப் போகச் சொல்ல மாட்டேன்!" என்று கத்தினேன். அந்தத் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம்தான் ஏறினாள்.